உணவுக்குழற் புற்றும் மார்புச் சத்திரசிகிச்சையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதி, மாணவர் விடுதி, விவாகச் செலவைக் குறைத்தல் முதலிய பொருள்களைப் பற்றியே பெரும்பாலும் சொற்பொழிவு நிகழும் இம்மேடையில், யாம் இன்று ஒரு நோயைப் பற்றிப் பேசத் துணிந்தமை சிலர்க்கு வியப்பாயிருத்தல் கூடும். மங்கலமல்லாத பேச்சை ஏன் எடுத்தார் என்று மனத்துட் கருதுவாரும் உளராவர். யாம் வைத்தியரல்லோம். எம் இல்லத்தில் நேர்ந்த ஒன்றினால் இந்நோயைப் பற்றிப் படித்தும் கேட்டும் அறியவேண்டியவராயினோம். அறியவேண்டிய காலத்தில் அறிந்திலோமே என்னும் வருத்தமே எம்மை இங்குக் கொணர்ந்து நிறுத்திற்று. ஆதலின் முதற்கண் அதனையே சொல்லிப் பின்னர்ப் பொருளுட் புகுவோம்.

எம் தமையனார் அறுபதாண்டு நிறைந்தவர். கடை வியாபாரத்தில் இளமை முதல் உழைத்தவர். இருபது வயது தொட்டு வெற்றிலையோடு புகையிலை தரிக்கும் வழக்கமுடையவர். ஒரு தை மாதத்தில் காலையுணவு கொள்ளும்பொழுது இட்டலித் துண்டொன்று அவர் நெஞ்சில் நின்றது. தண்ணீர் பருகினார், இறங்கிவிட்டது. மாசியில் சோற்றைச் சற்றுக் குழைய வடிக்கச் சொன்னார். பங்குனியில் ரசஞ்சாதமே போதுமென்றார். சித்திரையில் கஞ்சிக்கு வந்தார். ஆனி பிறக்குமுன் மோரும் பாலுமே அவர்க்கு ஆகாரமாயின. அங்கவஸ்திரம் தோளில் நில்லாது நழுவுமளவு உடல் மெலிந்தது. யாமோ, ‘வயதாயிற்று, பசி குறைந்தது’ என்றோம், ‘வாயு’ என்றோம், ‘பித்தம்’ என்றோம். லேகியமும் கஷாயமும் மாறிமாறி நடந்தன. அவரும் தம் துன்பத்தை வாய்விட்டுச் சொன்னாரில்லை.

ஆவணியில் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சென்றோம். எண்டாஸ்கோப்பிக் குழாயை உட்செலுத்திப் பார்த்தனர். மார்பின் நடுப்பகுதியில் உணவுக்குழலைச் சுற்றிப் புற்று வளர்ந்திருந்தது. ஸ்கான் எடுத்துப் பார்த்தபொழுது கல்லீரலிலும் அது பரவியிருந்தது. சத்திரசிகிச்சைக்குரிய காலம் கடந்துவிட்டதென்று வைத்தியர் மெல்லக் கூறினர். அதற்குமுன் அவர் எம்மைக் கேட்ட கேள்வி ஒன்றுண்டு. “எப்பொழுது முதல் இவர்க்குச் சோறு விழுங்குவது கடினமாயிற்று?” என்றார். எம்முள் ஒருவர் ஆனி என்றார். ஒருவர் சித்திரை என்றார். பின்னே நின்ற அவர் மருமகள், தலை குனிந்தபடியே, “தை மாதத்திலிருந்து” என்றாள். இலையில் சோறு மிஞ்சுவதை நாடோறும் கண்டவள் அவளே. மாமனாரிடம் எவ்வாறு கேட்பது, பெரியவர்களிடம் எவ்வாறு சொல்வது என்னும் மரியாதையினால் ஏழு மாதம் வாளாவிருந்தாள். குற்றம் அவளுடையதன்று, அவள் பேசுதற்கிடமில்லாத வீட்டை வைத்திருந்த எம்முடையதே. தமையனார் மார்கழியில் இறைவனடி சேர்ந்தார்.

நிற்க. வைத்தியரின் அக்கேள்வியே இச்சொற்பொழிவின் வித்தாகும். தை மாதத்திற்கும் ஆவணி மாதத்திற்கும் இடையே என்ன இழந்தோம் என்பதை யாம் பின்னரே கற்றறிந்தோம். அதனை இனிக் கூறுவோம்.

உறுப்பின் இயல்பு

உணவுக்குழல் என்பது தொண்டையினின்று இரைப்பை வரை செல்லும் தசைக் குழாய். ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுடையது. மூச்சுக்குழலுக்குப் பின்னும் முதுகெலும்பிற்கு முன்னுமாய் மார்பினுள் இறங்கி, இருதயத்தின் பின்புறமாகச் சென்று, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் துளை வழியே வயிற்றுட் புகுந்து இரைப்பையைச் சேர்கின்றது. உடம்பின் மிகப் பெரிய இரத்தக் குழாயாகிய மகாதமனி அதனை அடுத்தே ஓடுகின்றது. மதிப்பு மிக்க பொருள்களெல்லாம் நெருங்க வைத்த அறையின் நடுவே ஒடுங்கிய நடைவழி ஒன்று சென்றாற்போல அது சென்றுகொண்டிருக்கின்றது.

இக்குழலுக்கு இரண்டு குறைகள் உண்டு. குடலின்மேல் வழவழப்பான மேற்போர்வை ஒன்றுண்டு. அஃது இதற்கு இல்லை. ஆதலால் இதில் இடும் தையல் எளிதிற் பிடிப்பதில்லை. நோயும் பக்கத்துறுப்புக்களுக்கு விரைவிற் பரவுகின்றது. மற்றொன்று, குழலின் சுவரினுள்ளேயே நிணநீர் நாளங்கள் மேலுங்கீழுமாய் ஓடுவதனால், புற்று சிறிதாயிருக்கும்பொழுதே அதன் அணுக்கள் தொலைவிலுள்ள நிணநீர்க் கட்டிகளை அடைந்துவிடுதல் கூடும்.

எல்லாவற்றினும் கொடியது இக்குழல் நெகிழுந் தன்மையுடைத்தாயிருத்தலே. ஒருபக்கம் புற்று வளர்ந்தால் மறுபக்கம் விரிந்துகொடுத்து உணவுக்கு வழிவிடும். எனவே உணவு தடைப்படுவதை நாம் உணருங்காலத்து நோய் குழலின் சுற்றளவிற் பெரும்பகுதியைக் கவர்ந்திருக்கும். முதலிற் கெட்டியான உணவு நிற்கும். பின்னர்க் குழைந்தது நிற்கும். இறுதியில் நீரும் நிற்கும். எம் தமையனார் வீட்டில் நிகழ்ந்த வரிசை அவ்வாறே புத்தகங்களில் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு யாம் வெட்கமுற்றோம்.

விழுங்கத் தடையுற்றோர்க்கெல்லாம் புற்று என்பதன்று. குழலின் கீழ்வாய்த் தசை திறவாமையாலும், புளிப்பு நீர் மேலேறிப் புண்ணாகித் தழும்பாற் சுருங்குவதாலும் இவ்வாறு நேரும்; அவற்றுக்குத் தக்க சிகிச்சைகள் உள. எதுவென்று வீட்டில் இருந்தபடி அறிதல் இயலாது. எண்டாஸ்கோப்பியாற் பார்த்துச் சிறு சதைத்துணுக்கு எடுத்துச் சோதிப்பதே வழி. அதற்குச் செல்வது சில நாழிகை வேலையேயாம்.

நோயின் காரணங்கள்

உலகில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 5,11,000 பேர்க்கு இந்நோய் புதிதாகக் கண்டது என்றும், 4,45,000 பேர் இதனால் இறந்தனர் என்றும் கணக்கிட்டுள்ளனர். இந்நோயில் இருவகை உண்டு. குழலின் உட்படலத் தட்டையணுக்களில் தோன்றுவது ஒன்று. இந்தியா, சீனா, ஈரான் முதலிய நாடுகளில் இதுவே மிகுதி. கீழ்ப்பகுதியில் சுரப்பியணுக்களில் தோன்றுவது மற்றொன்று. பல்லாண்டு நெஞ்செரிச்சலும் உடற்பருமனும் உடையார்க்கு இது வருதல் கூடும். மேனாடுகளில் இது பெருகியுள்ளது.

முதல்வகைக்குக் காரணங்களாவன: புகைபிடித்தல், புகையிலை மெல்லுதல், மது, காய்கனி குறைந்த உணவு என்பன. பாக்கும் இவ்வரிசையிற் சேர்ந்ததே. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார், வெற்றிலைபாக்கோடு புகையிலை சேராவிடினும் அது வாய்க்கும் உணவுக்குழலுக்கும் புற்று விளைக்கும் என்று முடிவு செய்துள்ளனர். தாம்பூலம் நம் சுபகாரியங்களில் முதலிடம் பெற்றது. அதனைத் தட்டில் வைத்து வழங்குவதை யாம் குறைகூற வந்தோமல்லோம். நாள்முழுதும் கன்னத்தில் அடக்கி வைக்கும் வழக்கத்தையே விலக்கச் சொல்கின்றோம். 2016-இல் அந்நிலையத்தாரே, 65 பாகை வெப்பத்திற்கு மேற்பட்ட பானங்கள் உணவுக்குழற் புற்றை விளைத்தல் கூடும் என்றும் கூறியுள்ளனர். ஆவி பறக்கப் பறக்கக் காப்பி குடிப்பதைப் பெருமையாகக் கருதுவோர் சற்று ஆற்றிக் குடிப்பாராக. டம்ளரும் டவராவும் நம்மிடம் இருப்பது அதற்குத்தானே!

மார்பைத் திறந்த வரலாறு

இனிச் சிகிச்சையின் வரலாற்றுக்கு வருவோம். வயிற்றைத் திறந்து சத்திரசிகிச்சை செய்யக் கற்ற பின்னரும் வைத்தியர்கள் மார்பைத் திறக்க நெடுங்காலம் அஞ்சினர். காரணம் யாதெனில், நுரையீரல் விரிந்து நிற்பது அதனைச் சூழ்ந்த இடத்தின் அழுத்தம் வெளிக்காற்றினும் குறைந்திருப்பதனாலாம். விலாவெலும்புகளின் இடையே துளை விழுந்தவுடன் வெளிக்காற்று உட்புகும்; காற்றுப்போன பை போல நுரையீரல் சுருங்கிவிடும்; நோயாளி மூச்சடைத்து மாள்வர். 1877-இல் ஜெர்மானிய வைத்தியர் செர்னி என்பார் கழுத்துப் பகுதியிலுள்ள உணவுக்குழற் புற்றை வெட்டியெடுத்து வெற்றி கண்டார். ஆனால் மார்பினுட் பகுதி எட்டாக்கனியாகவே இருந்தது.

1904-இல் பிரெஸ்லௌ நகரில் சவர்புரூக் என்னும் இளைய வைத்தியர் ஒரு விந்தையான அறையை அமைத்தார். அவ்வறையினுள் காற்றழுத்தத்தைக் குறைத்து, நோயாளியின் தலைமட்டும் வெளியே இருக்க, உடலும் சத்திரவைத்தியரும் உள்ளே இருந்து வேலை செய்வதற்கு வழி கண்டார். பின்னர் 1909-இல் நியூயார்க்கில் மெல்ட்சர், அவுவர் என்னும் இருவர் மூச்சுக்குழலுட் சிறு குழாய் செலுத்தி அதன்வழியே காற்றை ஊதி நுரையீரலை விரிந்த நிலையில் வைக்கும் முறையைக் காட்டினர். எளியதாகிய இம்முறையே நிலைத்தது. இன்றும் மயக்க மருந்து கொடுப்போர் மூச்சுக்குழலிற் குழாய் வைப்பது இதன் வளர்ச்சியேயாம்.

1913-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நியூயார்க்கில் பிரான்ஸ் டோரக் என்னும் வைத்தியர், 67 வயதுடைய அம்மையார் ஒருவரின் மார்பைத் திறந்து புற்றுற்ற உணவுக்குழலை வெட்டியெடுத்தார். எடுத்த இடத்தில் வேறு குழல் வைக்கும் வழி அவர்க்குத் தெரியவில்லை. ஆகவே கழுத்தில் எஞ்சிய குழலின் முனையை வெளியே தோலில் திறந்துவைத்தார். இரைப்பையிலும் ஒரு துளை வைத்திருந்தார். இரண்டையும் உடம்பின் வெளியே ஒரு ரப்பர்க் குழாயால் இணைத்தார். அவ்வம்மையார் வாயால் மென்று விழுங்கிய உணவு கழுத்தின்வழி வெளிவந்து, ரப்பர்க் குழாயிற் சென்று, இரைப்பையை அடைந்தது. இவ்வாறு அவர் ஏறத்தாழ 13 ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார். அன்பர்காள்! ஆடையின் உள்ளே ஒரு ரப்பர்க் குழாயைச் சுமந்துகொண்டு பதின்மூன்றாண்டு உண்டு வாழ்ந்த அம்மூதாட்டியை நினையுங்கள். இந்நோய்க்கு அஞ்சி மறைப்பவர்க்கு அவருடைய துணிவு ஒரு பாடமாதல் வேண்டும்.

அடுத்த வினா, எடுத்த குழலுக்கு ஈடாக எதை வைப்பது என்பது. இரைப்பையையே மேலே இழுத்து இணைத்தல் என்பதே கிடைத்த விடை. இரைப்பைக்கு இரத்தம் பல வழிகளால் வருகின்றது. அவற்றுட் பலவற்றைக் கட்டி அறுத்துவிட்டு, பெரிய வளைவின் ஓரமாக வலப்புறத்தினின்று வரும் ஒரு தமனியை மட்டும் காத்துவைத்தால், அவ்வொன்றினாலேயே இரைப்பை உயிரோடிருக்கும். அதனை ஒடுங்கிய குழாய் வடிவாகத் தைத்து மார்பினுள்ளோ கழுத்து வரையிலோ ஏற்றி, எஞ்சிய உணவுக்குழலோடு இணைக்கின்றனர். 1933-இல் ஜப்பானில் கியோட்டோ நகரத்து ஓசாவா என்பவர் மார்பினுள் இவ்விணைப்பைச் செய்து நோயாளிகளைப் பிழைப்பித்தார். 1938-இல் சிகாகோவில் ஆடம்ஸ், பெமிஸ்டர் என்போர் ஒரே முறையில் இதனைச் செய்து முடித்தனர். 1946-இல் ஐவர் லூயிஸ் என்னும் வைத்தியர், முதலில் வயிற்றைத் திறந்து இரைப்பையை ஆயத்தஞ்செய்து, பின்னர் வலப்பக்க மார்பைத் திறக்கும் முறையை வெளியிட்டார். இடப்பக்கத்தில் மகாதமனியின் வளைவு வழியை மறைக்கும், வலப்பக்கத்தில் அம்மறைப்பில்லை. இம்முறை அவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது. 1976-இல் மக்கியூன் என்பவர் கழுத்திலும் ஒரு கீறல் வைத்து அங்கே இணைக்கும் முறையை எழுதினார். 1978-இல் ஆரிஞ்சர் என்பவர் மார்பைத் திறவாமலே வயிற்று வழியாகவும் கழுத்து வழியாகவும் குழலை எடுக்கும் முறையைப் பரப்பினார். 1990-க்குப் பின் சிறு துளைகளின் வழியே காமிராவும் கருவிகளும் செலுத்திச் செய்யும் முறை வந்தது. நெதர்லாந்து முதலிய நாடுகளில் நடந்து 2012-இல் வெளிவந்த ஒரு சோதனையில், இத்துளைமுறையால் நுரையீரலிற் சீழ்க்காய்ச்சல் உண்டாவது வெகுவாகக் குறைந்ததாகக் கண்டனர்.

இச்சிகிச்சை இன்றும் பெரியதே. இணைத்த இடம் கசிதல் பத்தில் ஒருவர்க்கு ஏறத்தாழ நேர்கின்றது. குரல் கம்மலும் நுரையீரல் அழற்சியும் நேரலாம். ஆகவே இதனை அடிக்கடி செய்து பழகிய இடத்திற் செய்துகொள்வதே அறிவுடைமை. 2002-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் முதியோர் கணக்கைத் தொகுத்துப் பார்த்தபொழுது, இச்சிகிச்சையை மிக அரிதாகச் செய்த ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு 20 பேரும், மிகுதியாகச் செய்தவற்றில் நூற்றுக்கு 8 பேரும் இறந்ததாகத் தெரியவந்தது. இன்று தேர்ந்த நிலையங்களில் இத்தொகை இன்னும் குறைந்துள்ளது. எனவே, “இங்கு ஆண்டுக்கு எத்தனை பேர்க்கு இதனைச் செய்கிறீர்கள்?” என்று வைத்தியரை வினவுவது அவமரியாதையன்று, அது நம் கடமை.

சத்திரத்தோடு கூடிய துணைச் சிகிச்சைகள்

சத்திரம் ஒன்றே போதும் என்றிருந்த காலம் போயிற்று. சனங்கள் ‘கரண்ட் வைத்தல்’ என்று சொல்லும் கதிர்ச்சிகிச்சையையும், கீமோதெரபி என்னும் மருந்துச் சிகிச்சையையும் முன்னதாகக் கொடுத்துப் புற்றைச் சுருக்கிய பின்னரே பலர்க்குச் சத்திரம் செய்கின்றனர். நெதர்லாந்து நாட்டில் 366 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2012-இல் வெளியிட்ட சோதனை இவ்வகையிற் புகழ்பெற்றது. ஒரு பாதியார்க்குச் சத்திரம் மட்டும். மறுபாதியார்க்கு ஐந்து வாரம் மருந்தும், 23 வேளை கதிர்வீச்சும், பின் சத்திரமும். முன்னவருட் பாதிப்பேர் 24 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தனர். பின்னவருட் பாதிப்பேர் 49 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தனர். முன்சிகிச்சை பெற்றுச் சத்திரம் செய்துகொண்டோருள் நூற்றுக்கு 29 பேர்க்கு, வெட்டியெடுத்த குழலில் உயிருள்ள புற்றணு ஒன்றேனும் காணப்படவில்லை. 2021-இல் வெளிவந்த மற்றொரு சோதனையில், இவ்வளவுஞ் செய்த பின்னரும் புற்றணு எஞ்சியிருந்தவர்க்கு, உடம்பின் காவற்படையைத் தூண்டும் நிவோலுமாப் என்னும் மருந்தை ஓராண்டு கொடுத்தபொழுது, நோய் திரும்பாதிருந்த காலம் 11 மாதத்தினின்று 22 மாதமாக உயர்ந்தது. கீழ்ப்பகுதியில் வரும் சுரப்பியணுப் புற்றுக்கு, கதிர்வீச்சின்றி, நான்கு மருந்துகளைச் சத்திரத்திற்கு முன்னும் பின்னும் கொடுப்பது மேலென்று 2025-இல் வெளிவந்த ஜெர்மானியச் சோதனை காட்டிற்று.

மிகத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டவர்க்கோ மார்பைத் திறக்கவே வேண்டுவதில்லை. எண்டாஸ்கோப்பியின் வழியே குழலினுள் அயோடின் கரைசலைத் தெளிப்பர். நல்ல படலம் பழுப்பு நிறங்கொள்ளும். நோயுற்ற இடம் நிறங்கொள்ளாது வெளிறி நிற்கும். அவ்விடத்தை மட்டும் உள்ளிருந்தபடியே சீவியெடுத்து விடுகின்றனர். ஜப்பானிய வைத்தியர் இதிற் கைதேர்ந்தவர். நோயாளி சில நாளில் வீடு திரும்பிப் பழையபடி உண்ணலாம். தை மாதத்திற்கும் ஆவணி மாதத்திற்கும் உள்ள வேறுபாட்டை யாம் இப்பொழுது சொல்லவேண்டுமோ!

சத்திரத்திற்கு உடல்நிலை இடங்கொடாதவர்க்கு மருந்தும் கதிரும் சேர்ந்தே முழுச் சிகிச்சையாதலுமுண்டு. நோய் பரவிவிட்டவர்க்கு, தானே விரியும் கம்பிவலைக் குழாயாகிய ஸ்டெண்டைச் செலுத்தி உணவுக்கு வழி செய்கின்றனர். எம் தமையனார்க்குச் செய்தது அதுவே. அதன்பின் அவர் குழைந்த சோறும் பருப்பும் சில வாரம் உண்டார். நோய் தீரவில்லை, ஆயினும் பசியோடு இறந்தாரில்லை. தீராத நோய்க்குச் செய்யும் சிகிச்சையும் சிகிச்சையே என்பதை அப்பொழுது உணர்ந்தோம்.

நுரையீரற் கட்டிகள்

மார்பினுள் வரும் மற்றைக் கட்டிகளுள் நுரையீரற் புற்றே தலையாயது. 1933-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் செயிண்ட் லூயி நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்னும் வைத்தியர், புற்றுற்ற ஒருவரின் இடப்பக்க நுரையீரல் முழுவதையும் ஒரே முறையில் எடுத்தார். அந்நோயாளியும் ஒரு வைத்தியரே, வயது 48. அவர் ஒரே நுரையீரலோடு முப்பதாண்டு வாழ்ந்து 1963-இல் இறந்தார். அவரைக் காப்பாற்றிய கிரஹாமோ 1957-இல் நுரையீரற் புற்றினாலேயே மாண்டார். அவர் பல்லாண்டு சிகரெட்டுப் பிடித்தவர். 1950-இல் விண்டர் என்னும் இளைஞரோடு சேர்ந்து 684 நோயாளிகளை ஆராய்ந்து, புகைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை உலகறியச் செய்தவரும் அவரே. பின்னர்ப் புகையை விட்டார். ஆனால் அது பிந்திய முடிவாயிற்று. இதனினும் தெளிவான எச்சரிக்கையை யாம் எடுத்துரைத்தல் இயலாது.

இன்று நுரையீரல் முழுவதையும் எடுப்பது அரிது. வலப்பக்கத்தில் மூன்றும் இடப்பக்கத்தில் இரண்டுமாகவுள்ள மடல்களில் நோயுற்ற மடலை மட்டும் எடுக்கின்றனர். இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு கட்டிகட்கு மடலின் ஒரு கூறே எடுத்தாற் போதும் என்று 2022-இல் ஜப்பானியச் சோதனை ஒன்று காட்டிற்று. நெடுநாள் மிகுதியாகப் புகைபிடித்தோரை ஆண்டுதோறும் குறைந்த கதிரளவுடைய சி.டி. ஸ்கான் எடுத்துப் பார்த்ததனால், அந்நோயால் நேரும் மரணம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்று 2011-இல் அமெரிக்காவில் 53,000-க்கு மேற்பட்டோரிடம் நடத்திய சோதனை மெய்ப்பித்தது. இங்கும் சொல்லப்படுவது அதுவே: சிறிதாயிருக்கும்பொழுது காண்க.

சிகிச்சைக்குப் பின் வீட்டார் கடமை

சத்திரம் முடிந்து வீடு திரும்பியவர்க்கு இரைப்பை குழாயாகிவிட்டமையால் ஒரே வேளையில் வயிறு நிரம்ப உண்ண இயலாது. நாளொன்றுக்கு ஆறு வேளை சிறிது சிறிதாக உண்ணல் வேண்டும், உண்டவுடன் படுத்தலாகாது, தலைப்பக்கம் உயர்த்திப் படுத்தல் வேண்டும். இனிப்பை மிகுதியாக உண்டால் மயக்கமும் வியர்வையும் படபடப்பும் வரும். நம் வீடுகளில், ‘இன்னுங் கொஞ்சம்’ என்று இலையில் மேலும் மேலும் இடுவது அன்பின் அடையாளம். இவர்கள் விஷயத்தில் அவ்வன்பு துன்பமாகும். விருந்தில் அவர் பாதியில் எழுந்தால் எழ விடுக. ‘என்ன, சாப்பிடவே இல்லையே’ என்று பலர் முன் கேளாதொழிக. இஃதன்றி, சத்திரத்திற்கு முன்பே புகையை முற்றும் விட்டு, மூச்சுப் பயிற்சி செய்து, வேண்டுமாயின் குழாய் வழியேனும் போஷாக்கு ஏற்றிக்கொண்டவர்க்குப் பின்விளைவுகள் குறையும் என்பதையும் நினைவிற் கொள்க.

நம் நாட்டு நிலையம்

இந்நோயின்கண் நம் நாட்டார் செய்த தொண்டும் சிறிதன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையை 1923-இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரை அவர் வீட்டினுள் வைத்து அழுததோடு நில்லாமல், முப்பதாண்டு முயன்று, 1954-இல் சென்னை அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்குவித்தார். அவர் குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அவர்களும், 1955-இல் அங்குச் சேர்ந்து 2021-இல் மறையும்வரை அதற்கே வாழ்ந்த டாக்டர் சாந்தா அம்மையாரும் அதனை வளர்த்தனர். ஒரு வீட்டின் துயரம் ஒரு நாட்டின் மருந்தாகலாம் என்பதற்கு இஃதொரு சான்று. இன்று அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் இச்சிகிச்சைகள் நடைபெறுகின்றன. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. அதில் எச்செலவுகள் அடங்கும் என்பதை ஆஸ்பத்திரியிலேயே கேட்டறியலாம். பொருளில்லை என்று வாளாவிருத்தல் வேண்டா.

எமது விண்ணப்பம்

சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொண்டு முடிப்போம்.

முதலாவது: சோறு விழுங்கத் தடை இரண்டு மூன்று வாரம் நீடித்தாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும், குரல் கம்மல் தீராதிருந்தாலும், இருமலில் இரத்தம் கண்டாலும், கைம்மருந்திற் காலங்கழியாது எண்டாஸ்கோப்பியும் ஸ்கானும் உள்ள இடத்திற்குச் செல்லுங்கள். உணவைக் குழைத்துக்கொண்டே போவது நோய்க்கு உதவுவதாகும்.

இரண்டாவது: இந்நோய் வந்த குடும்பத்தை விலக்காதீர்கள். இது தொற்றுநோயன்று; பாவத்தின் பலனுமன்று. பெண்கொடுக்கல் வாங்கலுக்கு இடையூறாகுமோ என்றஞ்சி மறைப்பவர் நம்முள் உளர். மறைக்கும் ஒவ்வொரு மாதமும் சத்திரவைத்தியரின் கையினின்று ஒரு கருவியைப் பறிப்பதாகும்.

மூன்றாவது தாய்மார்களுக்கு. இலையிடுவோர் நீங்கள், எடுப்போரும் நீங்கள். எவர் இலையில் சோறு மிஞ்சுகிறது, எவர் கவளந்தோறும் தண்ணீர் பருகுகிறார், எவர் பந்தியில் முதலில் எழுகிறார் என்பது எந்த வைத்தியர்க்கும் முன்னே உங்களுக்குத் தெரியும். கண்டதைச் சொல்லுங்கள். மாமனாராயினும் மூத்தாராயினும் சொல்லுங்கள். வீட்டுத் தலைவர்களே! அவர்கள் சொன்னால் செவிகொடுங்கள். ‘உனக்கென்ன தெரியும்’ என்று வாயடைக்காதீர்கள். எம் வீட்டில் ஒருத்திக்குத் தெரிந்திருந்தது, அவளைக் கேட்பாரில்லை. உங்கள் வீட்டில் கேட்பார் இருப்பாராயின், இன்று யாம் இங்குப் பேசியது வீணாகாது.